அடி உடைத்த குழி

செங்கல்வராயன் அணைக்கட்டு கிராமத்துக்காரன், வயது இருபத்திரண்டு. ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருந்த தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில், பச்சைத்தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை. ஷாப்புக்குப் பின்னால் கூலிக்காரர்களுக்கென்று கட்டிவிட்டிருந்த பன்னிரண்டு லைன் வீடுகளில் ஏழாவது வீட்டில் குடியிருந்தான். மானாவாரி நிலம் மூன்று வருஷம் தொடர்ந்து கைவிட்டதும் ஊரைவிட்டு வந்தவன். இரண்டு வருஷம் ஒண்டியாகக் கிடந்தான். மூன்றாம் வருஷம் சித்திரையில் அத்தை மகள் பங்கஜத்தைக் கட்டிக் கூட்டிவந்தான்.

அவள் வருவதற்கு முன்னால் அவன் எதையெல்லாமோ யோசித்து வைத்திருந்தான். பச்சைத்தோல் நாற்றம் குமட்டுமே என்று ஊதுவத்திக் கட்டு வாங்கி வைத்தான். கூரைக்குப் புது ஓலை போட்டான். சுண்ணாம்பு தின்று வெடித்துப்போன தன் கால்களைப் பார்த்து அவள் பயந்துவிடப் போகிறாளே என்று பத்து நாள் விடாமல் புங்கெண்ணெய் தடவினான். விடிந்தால் ஒரு பெண்பிள்ளை எங்கே ஒதுங்குவாள் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு அது ஒரு யோசனையாக எப்போதும் இருந்ததில்லை. மறைவு கண்ட இடத்தில் உட்கார்ந்து எழுந்து வருகிறவன்தானே.

லைனுக்குப் பின்னால் ஆற்றுவரைக்கும் முன்பு நாணலும் கருவேலம் புதருமாக இருந்தது. பெண்கள் அங்கேதான் போய்வந்தார்கள். போன வருஷம் ஷாப்புக்காரர்கள் அந்த இடத்தை வாங்கிப் புதரை வெட்டித் தள்ளி, தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை காயவைக்கக் களமாக்கிவிட்டார்கள். சுற்றிலும் முள்கம்பி போட்டு ஒரு காவல்காரனையும் வைத்தார்கள். அதற்குப்பிறகு பெண்கள் கம்பியைச் சுற்றிக்கொண்டு அரை மைல் தள்ளி ரயில் மேட்டுச் சரிவுக்குப் போக வேண்டியதாயிற்று. கருக்கலில் ஒரு தடவை, விளக்கு வைத்தபின் ஒரு தடவை, அதுவும் நாலைந்து பேர் சேர்ந்து. நடுவில் உள்ள பகல் முழுக்க அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். பட்டை வண்டிக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். "இன்னாடி, சாமி ஊர்வலமா? பூசாரி எங்கே?" என்று ஒருத்தன் கத்துவான். மற்ற வண்டிகளில் சிரிப்புக் கிளம்பும். பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எருமைத் தோல் பொதிகளோடு பொதியாக ஓரத்தில் நிற்பார்கள்.

பங்கஜம் ஒரு வாரத்தில் தனக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். காலையில் வாய் கொப்பளித்த கையோடு ஒரு மடக்கு தண்ணீர். அதோடு சரி. பொழுது போய் ரயில் மேட்டுக்குப் போகும் நேரம் நெருங்கும்போது ஒரு செம்பு. அவன் மத்தியானச் சோற்றுக்கு வரும்போது, "நான் சாப்ட்டேன் மாமா," என்பாள். அவள் உதடு வெடித்திருந்ததைப் பார்த்து, ஷாப்புக் காற்று எல்லாருக்கும் இப்படித்தான் செய்யும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஆடி பிறந்தபோது அவளுக்கு மூன்று மாதம். அடிவயிற்றில் வலியும் விட்டுவிட்டுக் காய்ச்சலும் வந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது வீட்டுச் சவுரியம்மாள்தான் ஷாப்பு வாசலில் அவனை நிறுத்தினாள். புருஷனைப் பறிகொடுத்தவள், தோலில் சுரண்டிய மயிரை அலசிக் காயவைக்கும் வேலை செய்பவள். லைன் முழுக்க யாரையும் உரிமையோடு திட்டுவாள்.

"ஏண்டா தம்பி, உம் பொண்டாட்டி தண்ணி குடிக்கிறத நீ பாத்திருக்கியா?"

"குடிக்கிறாளே. இன்னாக்கா கேக்கறே?"

"எப்போ பாத்தே? சொல்லு. பகல்ல ஒரு சொட்டு எறங்கறதில்ல அவளுக்கு. வவுத்துல புள்ளய வெச்சிக்கினு. இந்த லைன்ல எவளுந்தான் குடிக்கிறதில்ல, எங்களுக்கெல்லாம் மரத்துப்போச்சு. அது சின்னது. ஒண்ணுக்குப் போனா எரியுது எரியுதுன்னு என் மடியில உயுந்து அழுவுது. நீ இன்னாடான்னா ஊதுவத்தி கொளுத்தி வெச்சிக்கினு கீறே."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நர்சம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு மருந்து கொடுத்தாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது, இல்லாவிட்டால் குழந்தை தங்காது என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"நர்சம்மா சொன்னது காதுல உயுந்துதா? குடிக்கணும்."

"குடிக்கறேன் மாமா. குடிச்சிட்டு எங்கே போறதுன்னும் ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்திருக்கலாம் இல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கத்தான் பார்த்தாள்.

ஷாப்பு மேஸ்திரி அமீர் பாஷா, சிடுசிடுப்பிருந்தாலும் ஈரமுள்ள மனுஷர். மத்தியானத் தொழுகை முடிந்து பீடி பற்றவைத்திருந்தவரிடம் செங்கல்வராயன் போய் நின்றான்.

"பாய், ஒரு விசயம்."

"தலைய சொறியாதே. லீவா? கல்யாணமா? அதான் ஆயிடுச்சே. ரெண்டாவதா?"

"இல்ல பாய். லைன்ல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும்."

பாய் சிரித்துவிட்டார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "கட்டறது பெரிசில்ல பா. யாரு அள்றது? டவுன் தோட்டிங்க லைன் பக்கம் வர மாட்டாங்க. எங்க தெருவுக்கே ஆள் கம்மி. ரெண்டு நாள் வரலேன்னா வூட்ல இருக்க முடியாது, அவ்ளோ பேஜார்."

"அள்ளவே வேணாம் பாய். நாலாம் நம்பர் குழி கீதே."

லைனை ஒட்டி இருந்த அந்தச் சுண்ணாம்புக் குழியை வைகாசியில் ஷாப்பில் கைவிட்டுவிட்டார்கள். ஒரு குழியின் வேலை முடிந்தால் அதன் அடியை உடைத்துவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கி ஆடுமாடு விழுந்து சாகும். நாலாம் நம்பரின் அடியை உடைத்ததே செங்கல்வராயன்தான். கடப்பாரையால் செங்கல்லையும் காரையையும் பெயர்த்ததும் கீழே வெறும் ஆற்றுமணல். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். மூச்சு விடுவதற்குள் காணாமல் போயிற்று. "தாகத்துல இருந்துது போல," என்று அப்போது பாய்கூடச் சொன்னார்.

அதை வைத்துத்தான் அவன் யோசித்திருந்தான். அடியில்லாத குழி நிரம்பாது. நிரம்பாத குழியை யாரும் அள்ள வேண்டாம். மேலே நாளுக்கு ஒரு கூடை, வேலை முடிந்த சுண்ணாம்பைப் போட்டால் போதும். கத்திக்கு அசையாத எருமை மயிரையே வேரோடு கழற்றிவிடுகிற சுண்ணாம்பு. அவன் கால் நகத்தைத் தின்றிருக்கிறது. அது தின்னாதது என்ன இருக்கிறது?

பாய் பீடியை அணைத்தார். "மூளைக்காரன்டா நீ. மொதலாளி சாயபு காதுல நான் போடல, நீயும் போடாதே. யாராவது கேட்டா குப்பை கொட்டற குழின்னு சொல்லு."

குழிக்கும் லைன் கிணற்றுக்கும் நடுவில் ஒரு புங்கமரம் இருந்தது. அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் குழி. தோலிலேயே உழன்ற இரண்டு பேரும் அங்கே நின்று பேசினார்கள். இரண்டு பேர் புத்திக்கும் கிணறு எட்டவில்லை. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு மணலுக்குள் போய்விட்டால், அது போய்விட்டதுதான் என்று இருவரும் நம்பினார்கள்.

ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டு வெள்ளியில் வேலை முடிந்தது. தோல் சுரண்டும் பழைய பலகைகள் இரண்டைக் குழிமேல் கால் வைக்கப் போட்டான். சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் பனையோலைத் தட்டி. உள்ளே ஒரு சட்டி தண்ணீர். பெண்கள் வேடிக்கை பார்ப்பதுபோல் எட்ட நின்றார்கள், கிட்டே வர வெட்கம். சவுரியம்மாள்தான் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்கள் தட்டியண்டை நெருங்கி வந்தார்கள்.

"எப்பிடிக்கா கீது?" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"கலெக்டர் பொண்டாட்டி கெட்டா போ! பலகைதான் ஆடுது. டேய் தம்பி, ஒரு கல்லு வைடா. உயுந்தேன்னா தோலாக்கி மெட்ராஸுக்கு அனுப்பிடுவாங்க என்னை."

லைனே சிரித்தது. பங்கஜம் சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவன் சோற்றுக்கு வந்தபோது அவள் வாசற்படியில் நின்று செம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். முழுச் செம்பும் குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். "இன்னா மாமா அப்பிடிப் பாக்கறே?"

"இன்னொரு செம்பு குடி."

"வவுறு வெடிச்சிடும்."

"குடின்றேன். இப்போ இன்னா பயம்?"

குடித்தாள். ஆவணியும் புரட்டாசியும் அப்படிப் போயின. காய்ச்சல் நின்றது, வலி நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. ஐப்பசி கடைசியில் அத்தை கங்கம்மாள் வந்து மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போவதென்று பேச்சு. அதுவரை அவன் தினமும் வேலைக்குப் போகுமுன் அவளுக்கு இரண்டு குடம் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு, குழிக்கு ஒரு கூடை சுண்ணாம்பும் போட்டுவிட்டுப் போனான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. மணலாகவே கிடந்த பாலாற்றில் செந்தண்ணீர் ஓடியது. குழியில் தண்ணீர் ஏறிப் பலகைக்கு ஒரு முழம் கீழே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு நின்றது. பெண்கள் பயந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் இறங்கிவிட்டிருந்தது. "பாத்தீங்களா? குடிச்சிடுச்சு," என்று அவன் சொல்லிக்கொண்டு போனான். அவனுக்குப் பெருமைதான்.

மூன்றாவது வீட்டுத் தேவகி அப்போது குடியாத்தத்தில் அக்காள் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். அந்தப் பக்கம் வாந்திபேதி பரவியிருந்தது. வந்த மறுநாள் அவளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. இரண்டு நாள், பெண்கள் அவளைக் கைத்தாங்கலாகக் குழிக்கும் வீட்டுக்குமாக நடத்தினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். "மகராசன்டா நீ," என்றாள் சவுரியம்மாள். "இது இல்லேன்னா இவள இந்த மழையில எங்கே தூக்கிக்கினு ஓடியிருப்போம்?"

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் பங்கஜம் செம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தண்ணி சுண்ணாம்பு மாதிரி கீது மாமா," என்றாள்.

"நம்ம லைன்ல எது சுண்ணாம்பு இல்ல? என் கைய மோந்து பாரு. சோத்துலயும் அதான், தண்ணியிலயும் அதான். குடி."

வியாழக்கிழமை ஒன்பதாவது வீட்டுக் குழந்தை போயிற்று. வெள்ளிக்கிழமை அதன் தாத்தா. சனிக்கிழமை விடிந்ததும் பங்கஜம் குழிக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சவுரியம்மாள்தான் தூக்கி வந்தாள். பத்து மணிக்குள் கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனியெல்லாம் தோல் ஊறியதுபோலச் சுருங்கிவிட்டது. ஊறிய தோலைத் தினமும் புரட்டுகிறவன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தண்ணி மாமா."

கொடுத்தான். வாந்தியாக வந்தது.

"தண்ணி."

மறுபடி கிணற்றுக்கு ஓடினான். எத்தனை செம்பு என்று கணக்கில்லை. வந்த முதல் மூன்று மாதம் வாயைக் கட்டி வைத்திருந்தவள் அன்றைக்கு வெட்கமில்லாமல் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். அவனும் அதே கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துக் கொடுத்தான்.

ஜட்காக்காரர்கள் லைனுக்குள் வர மறுத்தார்கள். அமீர் பாஷா தோல் ஏற்றும் வண்டியைக் கழுவி, மேலே தார்ப்பாய் கட்டி ஓட்டிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி சேற்றில் இறங்கி நின்றது. பாயும் அவனும் சக்கரத்துக்குத் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். வண்டி ஏறியதும் அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கூட ஏறியிருந்த சவுரியம்மாள் பங்கஜத்தின் முகத்தை மூடியிருந்தாள். ஏழாம் மாத வயிறு தார்ப்பாய்க்குக் கீழே மேடாகத் தெரிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. வண்டியைத் திருப்பினார்கள்.

லைனில் மொத்தம் ஒன்பது சாவு.

செவ்வாய்க்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். மூக்கில் கைக்குட்டை. கிணற்றில் ஏதோ பொடியைக் கரைத்து ஊற்றினார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அவர் அதைக் காதில் வாங்காமல் கிணற்றடியிலிருந்து அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டு குழிவரைக்கும் நடந்தார். பதினான்கு அடி வைத்தார்.

"யார் வேலை இது?"

"நான்தாங்க."

"அடியில பூச்சு இருக்கா?"

"இல்லீங்க. உடைச்சதுங்க. அப்பதான் நிரம்பாதுன்னு..."

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "நிரம்பலேன்னா எங்கே போச்சுன்னு நினைச்சே?" குடைக்கம்பால் குழியைக் காட்டினார். கிணற்றைக் காட்டினார். "மண்ணுக்குள்ள வழியிருக்கப்பா. இதை உடனே மூடு. தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லு எல்லாரையும்."

"அப்போ பொம்பளைங்க எங்கேங்க போறது?"

"அது என் இலாகா இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

லைனில் வேறு பேச்சாக இருந்தது. கிணற்றில் அந்த ஆள் மருந்து போட்டுத்தான் சனங்கள் செத்தார்கள் என்றார்கள். மருந்து போட்டதற்கு முன்னாலேயே ஒன்பது பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருத்தர்கூடச் செங்கல்வராயனைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியண்டை போனான். தட்டியைப் பிய்த்தான். பலகையைத் தூக்கும்போது சவுரியம்மாள் வந்து அதன்மேல் ஏறி நின்றாள். பின்னாலேயே மற்றவர்கள்.

"இன்னாடா பண்றே?"

"மூடறேன். எறங்குக்கா."

"எதுக்கு? அந்தக் குடைக்காரன் சொன்னான்னா?"

"அவன் சொன்னது நெசம். இதுதான் கெணத்துல எறங்கிச்சு. நான்தான் கொன்னேன், எல்லாரையும். எறங்கு."

சவுரியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா, முன்னமே தெரிந்திருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இருக்கட்டும்," என்றாள். "அப்பிடியே இருக்கட்டும். தண்ணி வேற எங்கேயாவது போய் எடுத்தாறோம். மைல் கணக்கா நடக்கறோம். இத மூடாதே. செத்தா ஒரு நாளோட போச்சுடா. அந்த ரயில் மேடு தெனமும்."

"அக்கா..."

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. பொழுது வெளிச்சத்துல போய் உக்காந்தது இந்த ரெண்டு மாசந்தான். உன் கால்ல வேணா உயறேன்."

நிஜமாகவே குனிந்தாள். அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். மூடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பொழுது சாயும்வரை புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணெதிரிலேயே பெண்கள் ஒவ்வொருவராக, பிய்ந்த தட்டிக்குள் போய் வந்தார்கள்.

மறுநாள் ஷாப்பிலிருந்தே ஆள் வந்தது. இன்ஸ்பெக்டர் எழுதிய காகிதம் ஆபீசுக்குப் போயிருந்தது. நாலு வண்டி மணல் கொட்டி மேலே மிதித்துச் சமமாக்கினார்கள். கேட்காமல் இடம் கொடுத்ததற்காக அமீர் பாஷாவை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிப் பட்டைக் களத்துக்கு அனுப்பினார்கள். மணல் கொட்டினதற்கு அடுத்த நாள் கருக்கலில் செங்கல்வராயன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மழைக்குக் கோணி போர்த்திக்கொண்டு பெண்கள் நாலைந்து பேராகக் கம்பியோரம் நடந்துபோனார்கள். சவுரியம்மாள் கடைசியில் போனாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு வண்டிக்காரன் கத்தினான், சிரிப்பு எழுந்தது.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஆம்பூர்த் தபாலாபீசுக்கு நடந்தான். வாசலில் ரத்தினசாமி என்கிற கண்ணாடி போட்ட பெரியவர், எழுதத் தெரியாதவர்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பவர், பெட்டிமேல் கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்குப்பா?"

"எங்க அத்தைக்குங்க. கங்கம்மாள், அணைக்கட்டு. கார்டு வேணாம், கவர்ல போடணும்."

அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒரு இடத்தில் எழுதியதைப் படித்துக் காட்டினார்: "தங்கள் மகள் சௌபாக்கியவதி பங்கஜம் தெய்வ சங்கல்பத்தால் காலமாகிவிட்டாள்."

"தெய்வம்னு போடாதீங்க."

"வழக்கமா அப்படித்தான் போடறது."

"வேணாங்க. நான் அடிய உடைச்ச குழித் தண்ணி கெணத்துல எறங்கி, அதக் குடிச்சு அவ செத்துப்போய்ட்டான்னு போடுங்க. நான்தான் குடி குடின்னு குடுத்தேன்னும் போடுங்க."

ரத்தினசாமி பேனாவைத் தூக்கிக்கொண்டார். "தம்பி, நீ சின்னப் பையன். இப்பிடியெல்லாம் எழுதி வெச்சா நாளைக்கி அவங்க உன்னை வாசல்ல சேப்பாங்களா? ஏதோ வியாதி, போய்ட்டா. அவ்வளவுதானே?"

"ஐப்பசிக் கடைசியில அவள கூட்டிக்கினு போக வர்றதா இருந்தாங்க. வளையல் வாங்கி வெச்சிருப்பாங்க. வேற யாரோ சொல்லித் தெரியக்கூடாதுங்க. போடுங்க."

அவர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை. தாளின் அடிவரைக்கும் வந்துவிட்டது.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தபால்காரரு படிப்பாரு. இல்லேன்னா பள்ளிக்கூடத்து வாத்தியாரு. யாரு கைக்குப் போவுதோ." அவன் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். "மேல க்ஷேமம்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கும் மேல கொஞ்சம் இடம் கீதுங்களா?"

"ரெண்டு வரி வரும்."

"அங்கே எழுதுங்க. படிக்கிறவங்க கண்ணுல முதல்ல படற மாதிரி. 'இதைப் படிக்கிறவங்க யாராயிருந்தாலும், வாய்விட்டுப் படிக்கிறதுக்கு முன்னாடி கங்கம்மாளை உட்கார வைங்க. பக்கத்துல ஒரு பொம்பளைய இருக்கச் சொல்லுங்க.'"